அருப்புக்கோட்டை, திருச்சுழி வறண்ட சீமையில் தவக்காலப் பாவசங்கீர்த்தனம்

பாவசங்கீர்த்தனம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் ஏழு அருட்சாதனங்களுள் ஒன்று. ஞானஸ்நானத்துக்குப் பின் செய்த பாவங்களைக் குருவிடம் தனியாகச் சொல்லி, மனம் வருந்தி, அவர் வழியாக இறைவனின் மன்னிப்பைப் பெறுவது இதன் சாரம். இன்று இது ஒப்புரவு அருட்சாதனம் எனப்படுகிறது. ஆண்டு முழுவதும் இது நடைபெறலாம். எனினும் சாம்பல் புதன் தொடங்கி உயிர்ப்புப் பெருவிழா வரையிலான தவக்காலமே இதற்குரிய காலமாகத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே கருதப்படுகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியும் அதைச் சூழ்ந்த பழைய மறவர் நாடும் இந்த வழக்கத்தின் வரலாற்றில் தனி இடம் உடையவை. மன்னிப்பு யாருக்கு, எங்கே, யார் கையால் என்ற கேள்விகள் தமிழகத்தில் கூர்மையாக எழுந்த பகுதிகளில் இதுவும் ஒன்று.

நிலமும் காலமும்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. 1910-ல் உருவான இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து, 1985-ல் அது மூன்றாகப் பிரிந்தபோது இந்த ஊர்கள் விருதுநகர்ப் பக்கம் வந்தன. அருப்புக்கோட்டை நெசவுக்குப் பேர்போன ஊர். திருச்சுழி குண்டாற்றங்கரையில் திருமேனிநாதர் கோயிலைச் சுற்றி அமைந்தது. ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊரும் அதுவே. கத்தோலிக்கர் இங்கே எப்போதும் சிறுபான்மையினர். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக உள்ள சீமை இது.

வடகிழக்குப் பருவமழையை நம்பியே இங்குள்ள கண்மாய்கள் நிறைகின்றன. மாசி பிறக்கும்போது தண்ணீர் இறங்கிவிடும். பருத்தியும் மிளகாயும் வீடு வந்து சேரும் காலமும் அதுதான். தவக்காலம் பெரும்பாலும் மாசி, பங்குனி மாதங்களில் அமைவதால், உழைப்பு தணிந்து கையில் கொஞ்சம் காசும், கடன்காரரின் கணக்கும், அடுத்த மழை வரையிலான கவலையும் ஒன்றாக நிற்கும் நேரத்தில் வருகிறது. அதே பங்குனியில்தான் இந்தச் சீமையின் மாரியம்மன் பொங்கல் திருவிழாக்களும் நடக்கின்றன. அக்கம்பக்கத்தார் காப்புக் கட்டி விரதம் இருக்கும் நாள்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒருசந்தி இருப்பதும் இறைச்சியை விலக்குவதும் யாருக்கும் புதுமையாகத் தெரிந்திருக்க வழியில்லை. விரதம் இந்த நிலத்தின் பொதுமொழி. மனிதர் ஒருவரின் காதில் குற்றத்தைச் சொல்வதே இங்குப் புதியது.

சொற்கள்

இந்த அருட்சாதனத்துக்குத் தமிழில் வழங்கிய பெயர்களே அதன் வரலாற்றைச் சொல்லும். போர்த்துகீசியர் காலத்தில் கடற்கரையில் ‘கொம்பெசார்’ என்ற அவர்களது சொல்லின் உருவங்களே புழங்கின. மலையாளத்தில் அது ‘கும்பசாரம்’ ஆகி இன்றும் நிலைத்திருக்கிறது. தமிழில் அந்தச் சொல் மறைந்து, வடமொழிவழி வந்த ‘பாவசங்கீர்த்தனம்’ நின்றது. சங்கீர்த்தனம் என்றால் பொதுவழக்கில் பலர் கூடி உரக்கப் பாடுவது. கத்தோலிக்கர் அதை மண்டியிட்டு முணுமுணுப்பாகச் சொல்வதற்கு எடுத்துக்கொண்டனர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழிபாட்டுத் தமிழ் மாறியபோது ‘ஒப்புரவு’ வந்தது. திருக்குறளில் ‘ஒப்புரவறிதல்’ என்றோர் அதிகாரம் உண்டு. அங்கே அது ஊருக்கு உதவும் பண்பைக் குறிக்கிறது. திருச்சபை அதைப் பிரிந்தவர் மீண்டும் ஒன்றுதல் என்ற பொருளில் ஆள்கிறது. தவக்காலத்துக்குத் ‘தபசு காலம்’ என்பதே பழைய பெயர். சாம்பல் புதன் நெடுங்காலம் ‘விபூதிப் புதன்’ எனப்பட்டது. ‘திருநீற்றுப் புதன்’ என்ற பெயரும் உண்டு. சிவன் கோயில் திருநீறு கண்ணுக்குப் பழகிய திருச்சுழி போன்ற ஊரில் இந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்பட்டிராது. முந்தைய ஆண்டுக் குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளை எரித்தே இந்தச் சாம்பல் தயாராகிறது. முதியவர்கள் இன்றும் பாவசங்கீர்த்தனம் என்றே சொல்கிறார்கள். ஞாயிறு அறிவிப்பில் ஒரு பெயரும் வீட்டில் இன்னொரு பெயருமாக இரண்டும் ஓடுகின்றன.

கடற்கரையில் தொடக்கம்

1215-ல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், விவரமறிந்த வயதை அடைந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தம் சொந்தக் குருவிடம் பாவங்களை அறிக்கையிட வேண்டும் என்றும், பாஸ்கா காலத்தில் நற்கருணை பெற வேண்டும் என்றும் விதித்தது. இந்த இரண்டு கடமைகளும் சேர்ந்ததால்தான் தவக்காலம் பாவசங்கீர்த்தனக் காலமாயிற்று. பாஸ்காவுக்கு நற்கருணை வாங்க வேண்டுமானால் அதற்குமுன் மனச்சாட்சியைத் துலக்கியாக வேண்டும். 1551-ல் திரெந்து சங்கம் இந்த அருட்சாதனத்தின் போதனையை விரிவாக வரையறுத்தது.

அந்தச் சங்கம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் தமிழ்க் கடற்கரையில் இந்த வழக்கம் வேரூன்றியது. பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரியாத அவர் சிலரின் உதவியோடு செபங்களை மொழிபெயர்த்து, மக்களை ஒருங்கே சொல்லவைத்தார். அவற்றுள் பொதுப் பாவ அறிக்கைச் செபமும் இருந்ததை 1544 சனவரியில் அவர் எழுதிய கடிதம் காட்டுகிறது. கூட்டமாகச் சொல்லும் செபத்துக்கு மொழிபெயர்ப்பு போதும். தனியாள் தன் குற்றத்தைச் சொல்வதற்கு அது போதாது. நடுவில் துபாஷி நின்றால் அவருக்கும் தெரிந்துவிடும். திருச்சபைச் சட்டம் துபாஷி வழியாகப் பாவசங்கீர்த்தனம் செய்வதை இன்றும் அனுமதிக்கிறது. அவரையும் இரகசியக் கடமைக்கு உட்படுத்துகிறது. ஆனால் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தக்காரராக உள்ள ஊரில் அந்த உறுதியை எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்?

இந்தத் தடையை உடைத்தவர் அன்றிக்கே அடிகளார் எனத் தமிழில் அறியப்பட்ட என்றீக்கே என்றீக்கசு. 1540-களின் இறுதிக்குள் அவர் தமிழில் நேரடியாகப் பேசும் நிலையை எட்டினார். தமிழ் அச்சு வரலாற்றில் 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பரவலாகப் பேசப்படுகிறது. அதற்கு இரண்டே ஆண்டுகளில், 1580-ல், கொச்சியில் அவர் அச்சிட்ட ‘கொம்பெசியொனாயரு’ அந்தப் புகழைப் பெறவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று கற்பிக்கும் கையேடு அது. நீண்ட காலம் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட இந்நூலின் படி ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் இருப்பதை 1982-ல் கிரஹாம் ஷா கட்டுரையாக எழுதி வெளிப்படுத்தினார். தமிழில் முதலில் அச்சேறிய ஒருசில நூல்களுள் ஒன்று, மனிதர் தம் குற்றத்தைத் தம் மொழியில் சொல்வதற்கானது என்பது கவனிக்கத்தக்கது.

ஓரியூர், 1693

கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு இந்த வழக்கம் வந்தது மதுரை மிஷன் வழியாக. 1606-ல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி துறவி வேடம் பூண்டு தொடங்கிய பணி, அவருக்குப் பின் பண்டாரசாமிகள் எனப்பட்ட சேசு சபைக் குருக்களால் மறவர் நாட்டுக்குப் பரவியது. அவர்களுள் ஒருவர் அருளானந்தர் எனத் தமிழ்ப் பெயர் கொண்ட ஜான் தெ பிரிட்டோ. 1686-ல் மறவர் நாட்டில் கைதாகிச் சித்திரவதைக்கு உள்ளான அவர், இரகுநாத கிழவன் சேதுபதியால் விடுவிக்கப்பட்டு, மீண்டும் இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு அனுப்பப்பட்டார். ஐரோப்பா சென்று திரும்பி வந்து மறுபடியும் மறவர் நாட்டுக்குள்ளேயே நுழைந்தார்.

அப்போது நோயுற்றுக் குணமான தடியத் தேவர் என்ற குறுநிலத் தலைவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருவரைத் தவிர மற்றவர்களைவிட்டு விலக வேண்டும் என்பது பிரிட்டோவின் நிபந்தனை. தடியத் தேவர் இசைந்தார். 1693 சனவரி 6 அன்று ஞானஸ்நானம் நடந்தது. விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண். அவரது முறையீடு அரண்மனைக்குப் போனது. இரண்டு நாளில் பிரிட்டோ கைதானார்.

இந்தக் கதை பொதுவாக மறைசாட்சியின் வீரமாகவே சொல்லப்படுகிறது. விலக்கப்பட்ட பெண்களின் கோணத்திலிருந்து அது சொல்லப்படுவதில்லை. மனந்திரும்புதலின் விலையைத் தடியத் தேவர் மட்டும் கொடுக்கவில்லை. மனந்திரும்பும் முடிவில் எந்தப் பங்கும் இல்லாத அந்தப் பெண்களும் கொடுத்தார்கள். அவர்களுள் ஒருவர் எதிர்த்துக் குரல் எழுப்ப முடிந்ததற்கு அவரது அரச உறவே காரணம்.

பிரிட்டோ இராமநாதபுரத்திலிருந்து பாம்பாற்றங்கரை ஓரியூருக்கு அனுப்பப்பட்டு 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டார். அன்று விபூதிப் புதன். அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22-ல் வந்தது. கிரெகோரியன் நாட்காட்டியின்படி அதற்குமுன் அது வர இயலாது. எனவே விபூதிப் புதனும் பிப்ரவரி 4-க்குமுன் வர முடியாது. இந்த அமைப்பு 1818-க்குப் பின் இதுவரை நிகழவில்லை, அடுத்தது 2285-ல்தான். மறவர் நாட்டுக் கிறிஸ்தவர்களின் நினைவில் தவக்காலத்தின் முதல்நாளும் ஓரியூரும் இவ்வாறு ஒன்றாயின. பிரிட்டோவுக்கு 1853-ல் முத்திப்பேறு பெற்றவர் பட்டமும் 1947 சூன் 22-ல் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. அவரது குருதி பட்டதாக மக்கள் நம்பும் ஓரியூர்ச் செம்மண்ணைத் திருப்பயணிகள் இன்றும் எடுத்துச் செல்கின்றனர்.

உபதேசியார்

குரு ஒருவர் பல நாள் நடைத் தொலைவுள்ள பரப்பைப் பார்த்துக்கொண்ட காலம் அது. ஓர் ஊருக்கு அவர் ஆண்டில் சில நாள்களே வர முடியும். ஆகவே பாவசங்கீர்த்தனத்துக்கு மக்களை ஆயத்தம் செய்யும் வேலை உபதேசியார்மீது விழுந்தது. செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் சொல்லிக்கொடுப்பவர் அவர். ஊர்ச் சண்டைகளைக் குரு வருவதற்குமுன் தீர்த்துவைக்க முயல்பவரும் அவரே. பகையோடு இருப்பவர் மன்னிப்புக் கேட்டு மண்டியிடுவதில் பொருள் இல்லை என்பதே அதற்குக் காரணம்.

அருப்புக்கோட்டைக்குத் தென்மேற்கே, கோவில்பட்டி அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி இந்தக் கரிசல் சீமையின் பழைய மிஷன் தலங்களுள் ஒன்று. வீரமாமுனிவர் எனப் புகழ்பெற்ற கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி தம் பணியின் தொடக்க ஆண்டுகளில் அங்கே இருந்தார். தேம்பாவணியால் அறியப்படும் அவர், உபதேசியார்களுக்காக ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலையும் எழுதினார். கவிதையைவிட அந்த உரைநடையே கரிசல் ஊர்களின் அன்றாடத்துக்கு நெருக்கமானது. வேதியர் என்ற சொல் அங்கே உபதேசியாரைக் குறிக்கிறது.

மதுரை மிஷன் குருக்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய ஆண்டுக் கடிதங்கள் ஞானஸ்நானக் கணக்கோடு பாவசங்கீர்த்தனக் கணக்கையும் தந்தன. ஒரு சபையின் உயிர்ப்பை அளக்கும் கோலாக அது இருந்தது. எண்ணிக்கையின் பின்னால் இருந்த மனிதர்கள் என்ன சொன்னார்கள் என்பது எந்த ஆவணத்திலும் இருக்காது. இருக்கவும் கூடாது. இந்த வழக்கத்தின் வரலாற்றை எழுதுபவருக்கு வெளிப்புறம் மட்டுமே கிடைக்கும்.

தீட்டும் மன்னிப்பும்

மன்னிப்பு எல்லோருக்கும் என்பது போதனை. ஆனால் மறவர் நாட்டிலும் மதுரை மிஷனின் பிற பகுதிகளிலும் அது இரண்டு வாசல்களில் தடுக்கப்பட்டது. ஒன்று சாதி. துறவி வேடத்தில் வாழ்ந்த குருக்கள், தீண்டாமைக்கு உட்பட்ட சாதியாரின் குடிசைக்குள் சென்றால் மற்றவர்களிடையே பணி செய்ய முடியாது என்று அஞ்சினர். சாகும் தறுவாயில் இருப்பவருக்குக்கூட வீட்டுக்குள் சென்று கடைசி அருட்சாதனங்களைத் தரத் தயங்கும் நிலை இருந்தது. இரண்டாவது தடை பெண்ணின் உடல். மாதவிலக்கான பெண்கள் கோவிலுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வரலாகாது என்ற வழக்கம் கிறிஸ்தவர்களிடையேயும் தொடர்ந்தது.

போப்பின் தூதராக வந்த ஷார்ல் தெ தூர்னோன், 1704 சூன் 23 தேதியிட்டுப் புதுச்சேரியில் வெளியிட்ட 16 விதிகள் கொண்ட ஆணையில் இரண்டையும் கண்டித்தார். நோயுற்ற ஒடுக்கப்பட்டோரின் வீட்டுக்குள்ளேயே குரு சென்று அருட்சாதனம் தர வேண்டும். மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களைப் பாவசங்கீர்த்தனத்திலிருந்து விலக்கக் கூடாது. சேசு சபையார் இந்த ஆணையை எதிர்த்து ரோமுக்கு முறையிட்டனர். தூர்னோன் உள்நாட்டை நேரில் பார்க்கவில்லை என்பது அவர்களது வாதங்களுள் ஒன்று. அது உண்மைதான். ஆனால் நேரில் பார்த்தவர்கள் கண்டும் பேசாமல் இருந்ததை அவர் பேசினார் என்பதும் உண்மையே. ‘மலபார் சடங்குகள்’ எனப்படும் இந்தச் சர்ச்சை நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 1744 செப்டம்பர் 12 அன்று பதினான்காம் பெனடிக்ட் விதிகளின் பெரும்பகுதியை உறுதிசெய்தார். ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் சேசு சபையாரின் யோசனையையும் ஏற்றார். தீர்வு என்று கருதப்பட்ட அந்த ஏற்பாடு, பிரிவினைக்குக் குருத்துவத்திலும் ஓர் இடம் தந்தது.

அதன் நிழல் நீண்டது. தெற்கே வடக்கன்குளத்தில் 1872-ல் சாதிக்கொரு பக்கமாக எழுந்த கோவிலின் உள்சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. இந்திய ஆயர் பேரவை 1982-ல் திருச்சியில் கூடியபோது சாதிப் பாகுபாடு கிறிஸ்துவின் போதனைக்கே எதிரானது என அறிவித்தது. தலைமுறை தலைமுறையாகப் பாவசங்கீர்த்தனம் செய்தவர்களுள் எத்தனை பேருக்கு, தம் தெருவுக்குள் இன்னொருவரை விடாதது பாவக் கணக்கில் வரும் என்று தோன்றியிருக்கும் என்பது இந்தச் சீமையில் இன்னும் கேட்கத்தக்க கேள்வி. ஆத்தும சோதனையில் கேட்கப்படாத ஒன்றை யாரும் அறிக்கையிடுவதில்லை.

யார் தந்த மன்னிப்பு செல்லும்?

1773-ல் சேசு சபை கலைக்கப்பட்டது. மறவர் நாட்டுச் சபைகள் பெருமளவு கோவாவிலிருந்து வந்த குருக்களின் பொறுப்பில் நின்றன. போர்த்துகீச அரசின் பதுரவாதோ உரிமையின்கீழ் அவர்கள் பணியாற்றினர். 1838 ஏப்ரல் 24 அன்று ரோம் ஓர் ஆணையால் அந்த அதிகாரத்தை இந்தியாவின் பெரும்பகுதியில் நீக்கியது. அதே ஆண்டில் பிரெஞ்சு சேசு சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பினர். கோவா குருக்கள் ஆணையை ஏற்கவில்லை. ஊருக்கு ஊர் கோவிலும் கல்லறையும் இரு தரப்புக்கும் வழக்காயின.

திருச்சபைச் சட்டப்படி பூசை நிறைவேற்றக் குருத்துவம் போதும். பாவத்தை மன்னிக்கக் குருத்துவத்தோடு ஆளுகை அதிகாரமும் வேண்டும். திரெந்து சங்கத்தின் தெளிவான போதனை இது. ஆகவே, ‘அவர்களுக்கு அதிகாரமில்லை, அவர்கள் தரும் மன்னிப்பு செல்லாது’ என்ற வாதம் எழுந்தது. தாத்தா காலத்திலிருந்து தம் குடும்பத்துக்குப் பூசை வைத்த குருவிடம் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்த ஒரு சம்சாரிக்கு, அந்த மன்னிப்பு விண்ணகத்தில் ஏறவில்லை என்று இன்னொரு சாமியார் வந்து சொன்னால் அவர் என்ன செய்வார்? சொத்து வழக்கு நீதிமன்றத்தில் தீரும். இது அங்கே தீராது. சிலர் இரண்டு தரப்புக் குருக்களிடமும் போயிருக்கலாம். சிலர் இருவரிடமும் போகாமல் விட்டிருக்கலாம். 1857-லும் 1886-லும் ரோமுக்கும் போர்த்துகல்லுக்கும் ஏற்பட்ட உடன்பாடுகள் படிப்படியாகப் பூசலைத் தணித்தன. 1938-ல் மதுரை தனி மறைமாவட்டமானது. 1953-ல் உயர்மறைமாவட்டமாக உயர்ந்தது. 1987-ல் இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளுக்கெனச் சிவகங்கை மறைமாவட்டம் பிரிந்தது.

சடங்கும் அதன் உள்ளும்

பழைய ஞானோபதேச முறைப்படி நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து படிகள் உண்டு. ஆத்தும சோதனை செய்து பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருதல், அவற்றுக்காக மனஸ்தாபப்படுதல், இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்ளுதல், குருவிடம் சொல்லுதல், அவர் விதிக்கும் அபராதத்தை நிறைவேற்றுதல். இதில் மையம் மனஸ்தாபம். தண்டனைக்கு அஞ்சி வருந்துவது ஒருவகை. அன்பான தந்தையை நோகச் செய்தோமே என்று வருந்துவது உத்தம மனஸ்தாபம். லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்திலுள்ள ஊதாரி மகன் உவமை தவக்காலத்தில் தவறாமல் வாசிக்கப்படுவதற்குக் காரணம் இதுவே. அந்த மகன் மன்னிப்புக் கேட்பதற்காகத் தயாரித்து வந்த வார்த்தைகளைச் சொல்லி முடிக்கும் முன்பே தந்தை ஆடை கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். வேலைக்காரனாகவாவது சேர்த்துக்கொள்ளும்படி கேட்க எண்ணியிருந்த பகுதி சொல்லப்படாமலே நின்றுவிடுகிறது.

அபராதம் பெரும்பாலும் சில செபங்கள்தான். ஆனால் களவும் வஞ்சனையும் செபத்தோடு தீர்வதில்லை. எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும், அல்லது தருவதாக உண்மையாகவே தீர்மானித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மன்னிப்புக்கு அடிப்படையே இல்லை என்பது அறநெறி இயலின் போதனை. கண்மாய்ப் பாசனமுள்ள ஊரில் களவு என்பது பணமும் நகையும் மட்டுமல்ல. இரவில் மடையைத் திறந்து பக்கத்து வயலின் முறைத் தண்ணீரைத் திருப்புவதும், வரப்பை ஒவ்வோர் ஆண்டும் ஓர் அங்குலம் நகர்த்துவதும் ஏழாம் கட்டளைக்குள் வருபவை. திருப்பிக் கொடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சத்துக்கும் அறநெறி இயல் வழி சொல்லியிருந்தது. பெயர் தெரியாமல் திருப்பிச் சேர்க்கலாம்; தேவைப்பட்டால் குருவே இடையில் நின்று கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு அவர் பங்கு கிடைக்க வேண்டும், குற்றம் செய்தவர் மானம் இழக்க வேண்டியதில்லை. வெளிப்படையாக அபராதம் கட்டிக் காலில் விழச் செய்யும் ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புக்கு இது நேர் எதிரானது. மறவர் நாட்டில் மானம் உயிருக்கு நிகரான விஷயம். இந்த வழக்கம் இங்கு நிலைத்ததில் அதற்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

இடமும் மாறியது. மிலானின் கர்தினால் சார்லஸ் பொரோமெயோ 1577-ல் கோவில் அமைப்பைப் பற்றி வெளியிட்ட அறிவுரைகளில் வகுத்த, நடுவில் சல்லடைத் தடுப்புள்ள மரக்கூண்டு உலகெங்கும் பரவியது. தமிழ்க் கத்தோலிக்கர் அதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்பர். கிளைக் கிராமங்களில் தொட்டிக்கு வழி இல்லை. அங்கே ஒரு நாற்காலியும் ஒரு துணியும் போதுமாயிருந்தன.

1973-க்குப் பின்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ல் ஏற்ற வழிபாட்டு அமைப்பு, இந்த அருட்சாதனத்தின் சடங்கைத் திருத்தவும் தவக்காலத்தின் சமூக இயல்பை வலியுறுத்தவும் கட்டளையிட்டது. 1966-ல் ஆறாம் பவுல் கட்டாய நோன்பைச் சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்குமாகச் சுருக்கினார். 1973 டிசம்பர் 2-ல் வெளிவந்த புதிய சடங்குமுறை மூன்று வடிவங்களைத் தந்தது. தனியாள் ஒப்புரவு முதலாவது. பலர் கூடி வாசகமும் செபமும் கேட்டபின் தனித்தனியே அறிக்கையிடுவது இரண்டாவது. அவசர நிலையில் பொது மன்னிப்பு மூன்றாவது. பங்குகளின் தவக்கால ஒப்புரவு நாளுக்கு இரண்டாம் வடிவமே பொருந்துகிறது. பக்கத்துப் பங்குகளின் குருக்கள் ஒரு மாலையில் ஒன்றுகூடி ஆளுக்கோர் இடத்தில் அமர்வார்கள். சொந்தப் பங்குக் குருவிடம் சொல்லக் கூசுபவர் வெளியூர்க் குருவின் வரிசையில் நிற்கலாம். அந்த வரிசை நீளமாக இருப்பது யாருக்கும் வியப்பில்லை.

வரிசைகள் பொதுவாகக் குறைந்துவிட்டன என்ற பேச்சு உலகமெங்கும் உண்டு. போப் பிரான்சிஸ் 2014 முதல் தவக்காலத்தில் ‘ஆண்டவருக்காக 24 மணி நேரம்’ என்ற வழக்கத்தைத் தொடங்கினார். 2015 டிசம்பர் 8 முதல் 2016 நவம்பர் 20 வரை இரக்கத்தின் யூபிலி ஆண்டை அறிவித்தார். கருக்கலைப்பு என்ற பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை அந்த ஆண்டில் எல்லாக் குருக்களுக்கும் வழங்கி, பின் அதை நிலையாக நீட்டித்தார்.

இரகசியம்

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது. திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 983-ஆம் விதி அதை மீறவொண்ணாதது என்கிறது. நேரடியாக மீறும் குரு தாமாகவே திருச்சபை விலக்குக்கு உள்ளாகிறார். 2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டம் வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குத் தந்த பாதுகாப்பைக் குருவுக்கு வெளிப்படையாகத் தரவில்லை.

2018-ல் கேரளத்தில் ஆர்த்தடாக்ஸ் சபைக் குருக்கள் சிலர், ஒரு பெண்ணின் பாவ அறிக்கையை வைத்து அவரை மிரட்டியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. தேசிய மகளிர் ஆணையம் இந்த வழக்கத்தையே ஒழிக்கப் பரிந்துரைத்தது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தனர். தடை கோரிய மனுவை ஆகஸ்ட் மாதம் கேரள உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது சட்டவாதமாகப் போதும். முழந்தாளில் நிற்பவருக்கும் நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கும் இடையிலான அதிகார வேறுபாடு அந்த வாதத்தால் இல்லாமல் போவதில்லை. இந்தச் சாதனம் நிற்பது முழுக்க நம்பிக்கையின்மீது.

தொற்றுக்காலம்

2020 தவக்காலத்தின் நடுவில் கோவில்கள் அடைக்கப்பட்டன. மார்ச் 20 அன்று வத்திக்கானின் பாவமன்னிப்புத் தீர்ப்பாயம், குருவை அணுக இயலாதவர் உத்தம மனஸ்தாபத்தோடு, வாய்ப்பு வந்ததும் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியோடு இறைவனிடம் மன்றாடினால் சாவான பாவங்களுக்கும் மன்னிப்பு உண்டு என்ற பழைய போதனையை நினைவூட்டியது. மார்ச் 25-ல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் 12 உயிர்ப்புப் பெருவிழா பொது வழிபாடின்றிக் கடந்தது. குரு ஆண்டில் சில நாள்களே வந்துபோன காலத்துக் கிராமங்கள் பழகியிருந்த நிலை அது. அப்போது மனஸ்தாப மந்திரத்தைக் குழந்தைகளுக்கு மனப்பாடம் செய்வித்ததன் காரணத்தைப் பலர் அந்த வாரங்களில்தான் உணர்ந்திருக்கக்கூடும்.

அடுத்த ஆண்டின் சாம்பல் புதன் பிப்ரவரி 17-ல் வந்தது. நெற்றியில் விரலால் சிலுவை வரையாமல், முகக்கவசம் அணிந்த குரு எதுவும் பேசாமல் ஒவ்வொருவர் தலையிலும் சாம்பலைத் தூவ வேண்டும் என்று சனவரி 12-ல் வத்திக்கான் அறிவுறுத்தியிருந்தது. மனந்திரும்ப அழைக்கும் வாக்கியம் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒருமுறை சொல்லப்பட்டது.